ஓரமாகப் போன கோடு

மாலை வகுப்பின் குழுப்படத்தை அச்செடுக்கும் வேலையை அவன்தான் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டான். வீட்டிலிருந்த பழைய இங்க்ஜெட் பிரிண்டர் காலை வாரிவிட்டது. திரையில் சுத்தமாக இருந்த படம், தாளில் அவன் பக்கத்தில் மட்டும் ஆளுயர வெள்ளைக் கோட்டோடு வந்தது.

இங்க் துளை அடைத்திருக்கும் என்று ஹெட்டைச் சுத்தம் செய்தான். சோதனைத் தாளில் குறையே இல்லை. படத்தில் மட்டும் கோடு இரண்டு ஆள் தள்ளி நின்றது.

கார்ட்ரிட்ஜை மாற்றினான். கோடு வரிசையின் ஓரத்துக்குப் போயிருந்தது.

மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். வகுப்புக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பது அம்மாதான். படம் எடுத்த அன்று ஆசையாக அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருடா இவங்க?" என்றான் நண்பன்.

"தெரியலடா," என்றவன் அம்மாவிடம் திரும்பி, "கொஞ்சம் தள்ளிக்கோங்க, போட்டோ எடுக்கணும்," என்றான்.

"சரிங்க தம்பி," என்று அவளும் இரண்டு ஆள் தள்ளி, பிறகு வரிசையின் ஓரத்துக்கு, அப்புறம் படத்துக்கே வெளியே நகர்ந்துகொண்டாள். வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அடுத்த தாளில் கோடே இல்லை.

"இன்னுமாடா அதோட மல்லுக்கட்டுற?" என்று அம்மா வந்து எட்டிப்பார்த்தாள். "அட, பளிச்சுனு வந்துருக்கே! எல்லாரும் இருக்காங்கல்ல?"

"இல்லம்மா, இன்னும் சரியா வரல," என்று தாளைக் கவிழ்த்துவிட்டு மறுபடி அச்சுக்குக் கொடுத்தான்.

தாள் தீரும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தான். அத்தனையும் பளிச்சென்றுதான் வந்தன.