கதவு மாற்றிக்கொண்ட தளங்கள்

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள்.

மாடித்தோட்டம் பற்றிய குட்டி இணையதளத்திடம் ஒரு பளபளப்புத் தளம் வந்தது. "தம்பி, உன் சுவரில் எனக்கொரு இணைப்புக் கதவு வை. என் சுவரில் உனக்கொன்று வைக்கிறேன். இரண்டு பக்கமும் ஆள் வரும்!"

பளபளப்புத் தளம் தன் இடத்துக்குத் திரும்பியதும், குட்டித்தளம் அதன் ஜன்னல் வழியே ஒரு நொடி எட்டிப் பார்த்தது. உள்ளே "ஆகா!" என்றது ஒரு கிழவர் குரல். "செம அண்ணே!" என்றது ஒரு பையன் குரல். கூட்டம்தான் என்று நம்பி உடனே கதவு வைத்தது.

அதன் வாசகர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. புதிதாகவும் யாரும் வரவில்லை. சிரிப்பா? இதோ.

குட்டித்தளம் தேடிக்கொண்டு உள்ளே போனது. காலிக் கூடத்தில் பளபளப்புத் தளம் மட்டும் நின்று குரல் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என் ஆட்கள் எங்கே?"

"வேறெங்கோ அனுப்பிவிட்டேனே!"

"எனக்கு வைத்த கதவு?"

"அதோ."

ஓடிப்போய்த் தள்ளிய பிறகுதான் தெரிந்தது, அது சுவரில் வரைந்த படம்.