ஆமென் வரைக்கும்

“ஜெபத்தைச் சுருக்கிட்டேனே பாஸ்டர்! நேத்து கப்பல்ல போறவங்களை மொத்தமா விட்டுட்டேன்.”

பம்பு மெக்கானிக் தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டை ஒட்டிய பட்டறையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, பேரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த போதகருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். வந்திருப்பது புகாரை விசாரிக்க. புகார் கொடுத்தது மெக்கானிக்கின் மூத்த மருமகள்.

“கப்பலை விட்டுட்டு விமானத்துல போறவங்களைச் சேர்த்துட்டீங்களாமே?”

“பாவம், அவங்களும் மனுஷங்கதானே!”

“ஐயா, நீங்க குடும்ப ஜெபத்தை ஆரம்பிச்சா பிள்ளைங்க உக்கார்ந்தபடியே தூங்கிடுதாம். சாப்பாடு ஆறிப்போகுதாம். நேத்து பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சாம்.”

“பாலுக்கும் சேர்த்து ஜெபிச்சிருக்கணும். விட்டுப்போச்சு.”

“அதோட, நீங்க கண்ணையே மூடறதில்லையாம்.”

மெக்கானிக் இப்போதுதான் நிமிர்ந்தார். “அதை யாரு பார்த்தது? பார்த்தவங்களும் திறந்துதானே வச்சிருந்திருக்காங்க?”

போதகருக்கு உள்ளுக்குள் எரிச்சல். இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர் அவர். ஜெபிக்கிறேன் என்று வாயைத் திறந்தால், ஆண்டவருக்கே கொட்டாவி வரும்வரை விடமாட்டார்கள். எல்லாம் நாலு பேர் மெச்சுவதற்கு.

“கோவிச்சுக்காதீங்க. ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும். ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும் அவருக்கு.”

“அவருக்குப் போதும் பாஸ்டர். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.”

“அப்புறம் யாருக்குப் போதலை?”

மெக்கானிக் பேரிங்கைக் கீழே வைத்தார்.

“என் வீட்டுக்காரி போன அன்னைக்கு, ‘அம்மாவை ஏண்டா நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை’ன்னு பெரியவன் தம்பியைக் கேட்டான். ‘நீ எங்கடா போயிருந்தே’ன்னு இவன் அவனைக் கேட்டான். அதோட சரி. அவன் மாடி, இவன் கீழே. படியில எதிர எதிர வந்தாக்கூட சுவரைப் பார்த்துட்டுப் போவானுங்க.”

“உக்கார வச்சுப் பேசிப் பார்க்கலாமே?”

“பேசியும் பார்த்தாச்சு. அழுதும் பார்த்தாச்சு.”

“மாமா! எல்லாரும் வந்தாச்சு, ஜெபத்துக்கு வாங்க!” உள்ளேயிருந்து மருமகளின் குரல்.

“தோ வந்துட்டேம்மா!”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரல் இறங்கியிருந்தது.

“அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, ஜெபத்துக்கு மட்டும் ரெண்டு பேரும் வந்துடுவானுங்க. ஒரே சின்ன சோபா. தோள் இடிக்கத்தான் உக்காரணும். ஆமென் சொன்ன மறுநிமிஷம் ஆளுக்கொரு பக்கம்.”

வாசல்படியில் ஏறியவர் திரும்பினார்.

“முந்தாநேத்து சின்னவன் வேலைக் களைப்புல அசந்து, அண்ணன் தோள்ல சாஞ்சுட்டான். பெரியவன் நகரவே இல்லை பாஸ்டர். நான் எப்படி ஆமென் சொல்லுவேன்?”

சொல்லிவிட்டு உள்ளே போனார்.