பூவராகனின் நினைவணுக்கள்

ஊரில் அம்மை பரவியதும், முன்பு அம்மை கண்டவர்களின் ரத்தத்தில் அந்த நோயை ஞாபகம் வைத்துத் தூங்கும் நினைவணுக்களை ஆய்வகத்தில் எழுப்பி மருந்து தயாரித்தார்கள். பூவராகனைக் கேட்காமலே அவர் பெயரைக் கொடுத்துவிட்டாள் மனைவி சுகந்தி.

"என் தங்கச்சி கல்யாணத்தப்ப உங்களுக்குத்தான் வந்துச்சே!"

அந்தக் கல்யாணத்தில் மூத்த மாப்பிள்ளை என்று பந்தி முதல் பந்தல் வரை தன் தலையில் கட்டுவார்களே என்று பயந்து, சுகந்தி பிறந்தகம் போன பிறகு வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு நிம்மதியாகப் படுத்துக் கிடந்தவர் அவர். வேப்பிலையைப் பார்த்த பிறகு யார் உள்ளே வந்து சோதிக்கப் போகிறார்கள்?

ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் ஆய்வக வாசலில் காத்திருந்தபோது ஆய்வகப் பெண் வெளியே வந்தாள். "சார், எல்லாத்தையும் எழுப்பிப் பாத்தாச்சு. டெங்கு, மஞ்சக்காமாலை எல்லாம் ஞாபகம் வச்சிருக்கு. அம்மையை மட்டும் தெரியவே தெரியாதாம்."

"மறந்திருக்கும்மா. இருபது வருஷமாச்சே."

"சின்ன வயசுல வந்த சளியையே சொல்லுது சார்!"

சுகந்தி போனை எடுத்தாள்.

"அம்மா, இவருக்கு அம்மை இறங்கணும்னு மாரியம்மன் கோயில்ல மண்சோறு சாப்பிட்டியே, ஞாபகமிருக்கா? இரு, அவரே உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."