கேட்டு வாங்கிய வேலை

செந்நண்டுகளின் பொதுவுடைமைக் கட்சியில், முதல் மாநாட்டில் செயலாளரை எதிர்த்துப் போட்டியிட்ட நண்டுக்கு ஒரு கொடுக்கை ஒடித்தார்கள். இரண்டாம் மாநாட்டில், எதிர்வேட்பாளரை முன்மொழிந்த நண்டுக்கு ஒடித்தார்கள். மூன்றாவதில், கொடுக்குத் தட்டி வரவேற்ற நண்டுக்கு. எல்லாம் ஒழுங்கு நடவடிக்கை என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

நான்காம் மாநாட்டில், பெயர்ச் சீட்டு வாசிக்கும் வேலையை நல்லமுத்து என்ற நண்டு கேட்டு வாங்கிக்கொண்டது. நிற்காமல், முன்மொழியாமல், தட்டாமல் தப்பிக்க வேறு வழி அதற்குத் தெரியவில்லை.

பெட்டியில் இரண்டே சீட்டுகள். முதலாவதில் இருந்த செயலாளரின் பெயரை வாசித்தது. இரண்டாவதைப் பிரித்ததும் மறுபடி மடிக்கப் பார்த்தது. பெயருக்குக் கீழே மூன்று கையெழுத்துகள், பழக்கமில்லாத கொடுக்கால் கோணலாகப் போட்டவை.

"ஒண்ணும் எழுதாத வெத்துச் சீட்டுதானே, தோழரே?" என்றார் செயலாளர், தன் பெரிய கொடுக்கைத் தடவியபடி. "உங்களுக்குக் கொடுக்கு ரெண்டும் நல்லா இருக்குல்ல?"

"சத்தமா வாசிங்க தோழரே, எங்களுக்குக் கேக்கணும்" என்றது முன்வரிசையில் இருந்த ஒற்றைக்கொடுக்கு நண்டு. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு ஒற்றைக்கொடுக்கு நண்டுகள் அண்ணாந்து பார்த்திருந்தன.

நல்லமுத்து தன் இரண்டு கொடுக்குகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு சபை முழுதும் கேட்க வாசித்தது:

"வேட்பாளர், தோழர் நல்லமுத்து."