சமதளம் இல்லாத வழி

"பலகைக்காரங்களுக்குன்னு தனி மேப் ஏதாவது இருக்கா, ஹெட்விக்?"

மலையுச்சி ரோப் கார் நிலையத்தின் கவுண்டரில் மூச்சு வாங்க நின்றுகொண்டு கேட்டான் ரோமான். கக்கத்தில் பனிப்பலகை, பார்வை சுவர்க்கடிகாரத்தில். கவுண்டருக்கு உள்ளே இருந்த ஹெட்விக், அச்சடித்த வரைபடம் ஒன்றை எடுத்து அவன் முன் வைத்தாள்.

"இது கட்டைக்காரங்களுக்குப் போட்டது" என்று அதைத் தள்ளிவிட்டான்.

அவன் சொன்னதில் தவறில்லை. காலுக்கு ஒன்றாகச் சறுக்குக் கட்டை மாட்டி, கைக்கு ஒன்றாக ஊன்றுகோல் பிடித்துச் செல்பவர்கள் வரைந்த படம் அது. பச்சைக் கோடு போட்டு, 'எளிய வழி' என்று எழுதியிருந்தார்கள். யாருக்கு எளிது? சரிவற்ற அந்தச் சமதளங்களில் அவர்கள் கோலை ஊன்றி உந்திக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, வெறுங்கையோடு வருகிறவன் அங்கே நட்டுவைத்த கம்பம்போல் நின்றுவிடுவான். மலைக்கு வரைபடம் போடுகிறவர்கள் அதில் இறங்குகிறவர்களில் பாதிப் பேரை மறந்துவிடலாமா? கேட்பாரில்லை.

வேறொரு நாளாக இருந்திருந்தால் ரோமானும் திட்டிவிட்டுப் போயிருப்பான். இன்று அதற்கு நேரமில்லை. அவன் மனைவி யூடித் காலையில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, சறுக்குக் கட்டைகளோடு மலையைக் கடந்து போய்விட்டாள். மறுபக்கப் பள்ளத்தாக்கிலிருந்து நான்கு மணிக்கு இன்ஸ்பிருக் ரயில் புறப்படும். அந்த நகரத்தில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்து ஒரு மாதமாகிறது. அதைப் பற்றி அவள் பேச வாயெடுத்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து பேச்சு நின்றுபோயிற்று.

பனிச்சரிவு விழுந்து சாலை அடைபட்டிருந்தது. கைப்பேசியில் அழைத்தால் அவள் எடுக்கவில்லை. ரயிலில் ஏறிவிட்டாளானால் அவள் திரும்பமாட்டாள் என்பது மட்டும் அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. மறுபக்கம் இறங்கித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கமோ அவனுக்குப் பழக்கமில்லாதது. சமதளங்களுக்குப் பயந்து பலகைக்காரர்கள் எவரும் அங்கே போவதில்லை.

"யூடித்தைத் தேடியா?" என்று கேட்டாள் ஹெட்விக்.

அவன் தலையசைத்தான்.

"ஒரு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

அவன் முகம் சிவந்தது. பதில் பேசினால் நேரம் போகும் என்று பொறுத்துக்கொண்டான். ஹெட்விக் இழுப்பறையிலிருந்து மடித்த வரைபடம் ஒன்றை எடுத்து நீட்டினாள். உச்சியிலிருந்து ரயில் நிலையம் வரையில், சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு இழுத்திருந்தது.

"இது பலகைக்காரனுக்குன்னே போட்டது. கோட்டை விட்டு விலகாதே. குறுக்குவழின்னு உன் மூளையைக் காட்டாதே."

"நடுவுல சமதளம் இல்லையே?"

"போட்டவங்களுக்கு உன்னை மாதிரி ஆளைப் பத்தி நல்லாவே தெரியும். கிளம்பு."

முதல் சரிவு வெண்ணெய்போல் வழுக்கிச் சென்றது. அடுத்தது ஊசியிலைக் காடு, அதிலும் தடையில்லை. பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்தது. என்ன சொல்வது என்றுகூட மனத்துக்குள் சொற்களை அடுக்கத் தொடங்கினான். ஒரு வாக்கியமும் உருப்படியாக அமையவில்லை. காடு முடிந்தது. சிவப்புக் கோடு காட்டியபடி இடப்பக்கம் திரும்பினான்.

பலகை தயங்கிற்று. மெதுவாயிற்று. நின்றேவிட்டது.

எதிரே உறைந்த ஏரியின் கரையோரமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் சமதளம். வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தான். கோடு அதன் நட்டநடுவே, சிறு சந்தேகமும் இன்றிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு காலைக் கழற்றிப் பனியை உதைத்து உந்தினான். கால் முழங்கால்வரை புதைந்தது. பிடுங்கி மறுபடி உதைத்தான். மறுபடியும் புதைந்தது. கீழேயிருந்து மாதாகோவில் மணியோசை மிதந்து வந்தது. இவ்வளவு தூரம் வந்தும், ஒரு மூடன் கிழித்த கோட்டினால் அவளை இழக்கப்போகிறோம் என்று நினைத்தபடி மீண்டும் காலை உதைத்தான்.

அப்போது அவன் தோளருகே ஓர் ஊன்றுகோல் நீண்டது. நின்றுபோன பலகைக்காரனைக் கண்டால் கட்டைக்காரர்கள் கோலை நீட்டிச் சற்றுத் தூரம் இழுத்துச் செல்வது அந்த மலையில் வழக்கம். அவன் நன்றி சொல்லிக்கொண்டே அதை இறுகப் பற்றினான். அதன்பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

யூடித்.

அவள் முன்னே நகர்ந்து, மற்றொரு கோலை ஊன்றி அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"ரயிலுக்கு நேரமாச்சே" என்றான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக.

"ஆகட்டும்."

"நான் முன்னாடியே வந்திருப்பேன், யூடித். இந்த மேப்பைப் போட்ட ஆள் மட்டும் என் கையில கிடைச்சா…"

"கிடைச்சாச்சு" என்றாள் அவள் திரும்பிப் பாராமல். "காலையில நான்தான் கோடு போட்டு ஹெட்விக்கிட்ட கொடுத்துட்டு, இங்க வந்து காத்திருந்தேன். நான் பேச்செடுத்தாப் போதும், நீ பலகையைத் தூக்கிட்டுச் சரிவுல இறங்கிடுவ. இந்த மலையில உன்னால ஓட முடியாத இடம்னா அது சமதளம்தான். இப்பச் சொல்லு, நீயும் இன்ஸ்பிருக்குக்கு வர்றியா, இல்ல, கோலை விட்டுடட்டுமா?"