வரிக்குள் ஏறிய இட்லி வண்டி

நீதிமன்ற டவாலியாக இருந்தபோது, ஓர் இட்லி வண்டியை அப்படியே அரசியல் சாசனத்துக்குள் ஏற்றியவன் நான். நடைபாதையை அடைக்கிறதென்று ரஞ்சிதத்தின் வண்டியைப் பிடுங்கியிருந்தார்கள்.

“மை லார்ட், இந்தப் புத்தகத்துல இட்லி வண்டின்னு ஒரு வார்த்தை இருக்கா?” என்றார் அரசு வக்கீல் தணிகாசலம்.

நீதிபதி ‘உயிர் வாழும் உரிமை’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, “வண்டி இல்லேன்னா எத்தனை நாள் தாங்குவீங்கம்மா?” என்று கேட்டார்.

“நாலு நாளுங்கய்யா” என்றாள் ரஞ்சிதம்.

விரலுக்கடியில் வரி அகன்றது. சான்றுப் பொருளாகக் கொண்டுவந்திருந்த வண்டியை நான் தள்ள, கைப்பிடி, அடுப்பு, நான்கு சக்கரமும் உள்ளே போயின. புத்தகத்தை முழங்காலால் அழுத்தித்தான் மூடினேன். மறுநாளே ரஞ்சிதம் கடை போட்டாள்.

இப்போது என்னோடு பூங்காவில் நடக்கும் தணிகாசலம், இதைச் சொன்னாலே “புளுகாதேய்யா” என்பார். இன்று மட்டும் நின்றார்.

“அந்தப் புத்தகத்துலேர்ந்து இட்லி ஆவி அடிச்சு என் கண்ணாடி மங்கிடுச்சுய்யா. வெளியே வந்துதான் துடைச்சேன்.”