பூவம்மாவுக்கு வந்த அருள்

“அந்தப் பூவம்மாவை இன்னிக்கு வீடியோ எடுத்துப் போட்டு நாறடிக்கலன்னா என் பேரு சுப்பராயன் இல்ல!”

சுப்பராயன் என்ற பேரில் மட்டும்தான் முருகன். மற்றபடி, எண்ணூரில் ‘சாமி இல்லை’ என்று மைக் பிடித்துப் பேசுகிற கிரேன் ஆபரேட்டர் அவர். இன்று கையில் மைக் இல்லை, செல்போன்.

கோபம் வராதா பின்னே? எதிர் வீட்டுக்குள் கிடப்பது அவர் பெற்ற பெண். கீர்த்திக்கு ஏழாம் மாசம். உடம்பெல்லாம் அம்மை. நேற்றிலிருந்து மூச்சு வேறு இரைக்கிறது. மருமகன் துரை போட்டில் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான். வீட்டில் சம்பந்தியம்மா வைத்ததுதான் சட்டம். அம்மை போட்ட வீட்டில் ஊசி, மாத்திரை ஆகாது.

தெருமுனையில் சௌக்கத் அலி ஆட்டோவை நிறுத்திக்கொண்டு நின்றார்.

“நீ இன்னா பாய் இங்க? நீயும் வேடிக்கை பார்க்க வந்துட்டியா?”

“சவாரி கீதுண்ணே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அவர்.

நேற்று சுப்பராயன் சும்மா இருக்கவில்லை. வாசலில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பிய்த்துச் சாக்கடையில் வீசிவிட்டு, “இது வைரஸ்டா! ஆத்தாவும் இல்ல, கோத்தாவும் இல்ல!” என்று தெருவுக்கே பாடம் எடுத்தார். வைரஸ் என்றது சரிதான். ஆனால் யார் காதில் ஏறியது? தெருவே திரண்டு அவரை வாசலிலேயே மறித்தது.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். அதுவும் வந்தது. உள்ளேயிருந்து கீர்த்தியே அழுதாள்.

“நா வரலப்பா. நீ ஆத்தாவை அசிங்கப்படுத்திட்ட. இப்ப நா ஊசியும் போட்டுகினா, வயித்துல கீற கொழந்தைய அது சும்மா வுடுமா?”

ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது. தான் வளர்த்த பெண்ணா இப்படிப் பேசுகிறாள்?

இன்று சம்பந்தியம்மா வாக்கு கேட்கப் பூவம்மாவை வரவழைத்திருக்கிறாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள் பூவம்மா. அருள் வந்துவிட்டால் அம்மன். அவள் வாயால் ‘மருந்து வேணாம்’ என்று வந்தால், பிறகு கீர்த்தியை யாராலும் அசைக்க முடியாது.

வந்தாள். மஞ்சள் புடவை, நெற்றி கொள்ளாத குங்குமம். சுப்பராயனையும் செல்போனையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாண்ணே, படம் புடிக்கிறியா? நல்லா புடி.”

திமிரைப் பார், என்று பல்லைக் கடித்தார்.

உள்ளே கற்பூரம் ஏற்றினார்கள். கீர்த்தியின் இருமல் ஜன்னல் வரைக்கும் கேட்டது. சுப்பராயன் ஜன்னல் கம்பி வழியாகப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். பூவம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடினாள்.

“ஏய்ய்! என் புள்ள வயித்துல புள்ளையோட கீறா! இங்கியே வெச்சிகினு இன்னாடி பண்றீங்க?”

“உத்தரவு சொல்லு தாயே!” சம்பந்தியம்மா காலில் விழுந்தாள்.

“ஸ்டான்லிக்கு இட்டுகினு போ! ஊசி புடிச்சிகினு அங்க நிக்கிறவளும் நான்தான்டி! அவ கைய தட்டிவுட்டா என் கைய தட்டிவுட்ட மாதிரி!”

அம்மனுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி எப்படித் தெரியும் என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. நேற்று சுப்பராயனை மறித்த அதே கைகள் கீர்த்தியைத் தூக்கிவந்து சௌக்கத் அலியின் ஆட்டோவில் உட்கார வைத்தன. சம்பந்தியம்மா மடியில் தாங்கிக்கொண்டாள். கீர்த்தி முகத்தில் நேற்றைய பயம் இல்லை.

“உனக்கு சவாரி இருக்குன்னியே பாய்?”

“இதாண்ணே சவாரி. பூவம்மாக்கா காலையிலயே வந்து நிக்க சொல்லிட்டாங்க.”

ஆட்டோ பறந்தது.

சுப்பராயனுக்கு அப்போதுதான் புரிந்தது. எடுத்த வீடியோவை அழித்துவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்தார். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்து பின்சீட்டில் ஏறினாள் பூவம்மா.

“சீக்கிரம் போண்ணே. ஊசி வேணாம்னு உன் சம்பந்தி அங்க போயி மொரண்டு புடிச்சா, வார்டுலயும் நான்தான் ஆடணும்.”

தண்டையார்பேட்டை சிக்னலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். அவரால் அடக்க முடியவில்லை.

“ஏம்மா… அருள் கிருள் எல்லாம் பொய்தானே?”

“பொய்தான்.”

“சாமி பேரைச் சொல்லி இப்டி ஏமாத்தறியே, அது தண்டிக்கும்னு பயமா இல்ல உனக்கு?”

கண்ணாடியில் பார்த்தார். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எனுக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சுண்ணே. அம்மை போட்டுச்சு. வாசல்ல வேப்பிலைய கட்டி, நர்ஸம்மாவை உள்ள வுடாம நான்தான் காவலுக்கு குந்திகினு இருந்தேன்.”

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

“அவளை பொதைச்சிட்டு வந்தன்னிக்கே சாமி படத்தையெல்லாம் கடல்ல வீசிட்டேன். அதுக்கு அப்பாலதாண்ணே எனுக்கு அருள் வர ஆரம்பிச்சிது.”